தாமதக் கணக்கு

ரேக் அறைச் சாவி என்னிடம்.
வடிவமைப்புத் துறையில் நான் ஒரு வடிவமும் அமைப்பதில்லை.
இணைப்பிகளில் பூக்கும் உப்பைத் துடைக்கிறேன்,
ஏசியைப் பதினெட்டில் வைக்கிறேன்,
உச்சிப்புளிச் சாலையில் ஜேசிபி பள்ளம் தோண்டினால்
முதலில் எனக்குத்தான் வயிறு கலங்கும்.

பத்து ஜிகாபிட்.
தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி
வாரம் இருமுறை.
இது மட்டும் நாள் முழுக்க, தளும்பத் தளும்ப.

புதன் மூன்று மணிக்கு வகுப்பு.
பூசானில் அப்போது இருட்டிவிடும்.
எஸ்தோனியாவின் தார்த்துவில் பனி,
லீஸ் என்கிற பெண் கோட்டைக் கழற்றாமலே உட்கார்வாள்.
மன்னாரிலிருந்து கிறிசாந்தி,
மின்விசிறிச் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்குவாள்.
நம் பக்கம் ரிஃபாயா, விண்ணரசி,
கடைசி வரிசையில் தூங்கும் சேதுக்கரைப் பையன்.

இந்தப் பருவத்துக்கு வேலை ஒரு செருப்பு.
பாசி எடுக்கப் போகிற பெண்கள்
துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் இறங்குகிறார்கள்,
அதற்கொரு மாற்று.
சின்னப்பாலத்துப் பொட்டியம்மாள்
ஸ்கேனர் முன் வலது காலை நீட்டி
"கழுவிட்டு வரட்டா?" என்றார்.
வேண்டாம் என்றாள் விண்ணரசி.
நாற்பது லட்சம் புள்ளிகள்.
வெட்டு, வெடிப்பு, சுண்டுவிரலில் நகம் இல்லாத இடம்
எல்லாம் புள்ளி.
மூன்று மூச்சுக்குள் அந்தக் கால்
மூன்று தேசத்தில் ஊன்றியது.

பாஸ்போர்ட் யாரும் கேட்கவில்லை.
இதே காலைப் பிடித்து நடை பழகிய மகன்
படகில் கோடு தாண்டிவிட்டான் என்று
வவுனியாவில் நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான்.
இதை நான் மைக்கை அணைத்துவிட்டுத்தான் நினைத்தேன்.

ஹா-ரின் ஒன்பது மில்லிமீட்டர் அடிப்பாகம் வரைந்தாள்.
முள் ஏறாது, பாறை கிழிக்காது.
திரையில் சுழன்றது. அழகுதான்.
பொட்டியம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு,
"இத மாட்டுனா வெரலுக்குக் கண்ணு தெரியாதே."
ரிஃபாயா ஆங்கிலத்தில் தடுமாறினாள்.
கிறிசாந்திக்கு அது தேவைப்படவில்லை.
அவள் ஏற்கெனவே முன்பகுதியை
அழித்துக்கொண்டிருந்தாள்.

கிறிசாந்தியின் ஒரு சொல் இங்கே வந்துசேர
நூற்றைம்பது மில்லி செகண்ட்.
ஒருநாள் தடம் பிடித்துப் பார்த்தேன்:
கொழும்பு, சிங்கப்பூர், மும்பை, சென்னை, மதுரை,
அப்புறம் பாம்பன் தாண்டி நாங்கள்.
ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
கடலை நேராகக் கடந்தால் ஐம்பதுகூட வராது.
கரையில் நின்றால் என் செல்போனே
அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு வருக என்று செய்தி காட்டும்.
வரவேற்கிறார்களாம்.

கார்த்திகையில் ஒரு புதன், 3:52.
கிறிசாந்தியின் குரல் கரைந்து போனது.
ரேக் அறைக்கு ஓடினேன்.
விளக்கெல்லாம் பச்சை.
திரும்பி வந்தால் அவளே கத்துகிறாள்:
"இஞ்ச மழை கொட்டுது, தகரக் கூரை,
நான் கதைக்கிறது கேக்குதோ?"
கேட்டது. மழை அதைவிட நன்றாகக் கேட்டது.
லீஸ் ஒலியைக் கூட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.
சேதுக்கரைப் பையன் விழித்து
குடை தேடினான்.
எங்கள் ஜன்னலில் சுள்ளென்று வெயில்.

எல்லாரும் போனபின் பூட்டப் போனேன்.
கிழக்கே கொண்டல் கறுத்து வந்தது.
படியில் முதல் துளி விழுந்தபோது 5:31.
தொண்ணூற்றொன்பது நிமிடம்.
சிங்கப்பூர் போகவில்லை, மும்பை போகவில்லை.

பதிவேட்டைத் திறந்து
தாமதம் என்ற கட்டத்தில் அதை எழுதினேன்.
வழி என்ற கட்டத்தில்: கடல்.
இழப்பு என்ற கட்டத்தை
என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

புதுச் செருப்பு. கையில் எடுத்துக்கொண்டு
இருட்டில் இறங்கி நடந்தேன்.
கேபிள் புதைத்த இடம் கொஞ்சம் மேடு.
விரலுக்குத் தெரிந்தது.